உங்கள் ப்ராஞ்சுக்கு எத்தனை நாள் வயசு? – கிட் கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துச் சின்ன டீம்களிலிருந்து வந்த கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். புதியவர்களுக்கு: கிட் என்பது கோட் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருள். மெயின் என்பது எல்லோருக்கும் பொதுவான கோட், ப்ராஞ்ச் என்பது அதிலிருந்து பிரிந்து தனியாக வேலை செய்யும் கிளை, மெர்ஜ் என்பது இரண்டையும் ஒன்றாக்குவது.

லாஸ்பேட்டை: அண்ணா, நாங்கள் நாலு பேர். கடைகளுக்கு வெப்சைட் செய்து தருகிறோம். புதிதாக வந்த சீனியர் கிட் ஃப்ளோவுக்கு (மெயினோடு டெவலப், ரிலீஸ் என்று பல ப்ராஞ்சுகள் வைக்கும் முறை) மாறச் சொல்கிறார். மாறலாமா?

வேண்டாம். வின்சென்ட் டிரீசன் 2010-ல் அதை எழுதியபோது, பதிப்பு எண் போட்டு வெளியிடும் மென்பொருளைத்தான் மனதில் வைத்திருந்தார். அடிக்கடி வெளியாகும் வெப் ஆப்புக்கு இன்னும் எளிய முறையைப் பாருங்கள் என்று 2020-ல் அவரே குறிப்பு சேர்த்தார். உங்களுக்கு ஒரு மெயின், அதிலிருந்து ஓரிரு நாள் மட்டும் வாழும் ப்ராஞ்சுகள், போதும். சீனியரோடு சண்டை வேண்டாம். தனியாக ஒரு டெவலப் ப்ராஞ்ச் இருப்பதால் நமக்கு என்ன லாபம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம்: சார், என் ப்ராஞ்ச் மூன்று வாரமாகிவிட்டது. மெர்ஜ் செய்தால் கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தில் இருவர் செய்த மாற்றங்களின் மோதல்) வருமோ என்று பயமாக இருக்கிறது.

வந்தால் நல்லது, கண்ணுக்குத் தெரியும். வராமல் போனால்தான் வம்பு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பில்லிங் ப்ராஞ்சை ஐந்து வாரம் அடைகாத்தேன். தொகையைக் கூட்டும் ஃபங்ஷனுக்குள் ஜிஎஸ்டியைச் சேர்த்திருந்தேன். அதற்குள் இன்னொருவர், பில் அச்சிடும் ஃபைலில் அதையே சேர்த்து மெயினுக்கு அனுப்பிவிட்டார். இரண்டும் வேறு வேறு ஃபைல், கிட் சத்தமே போடாமல் மெர்ஜ் செய்தது. 100 ரூபாய் சாமானுக்கு 18 சதவீதம் சேர்த்து 118 வரவேண்டிய பில், வரி இரண்டு முறை ஏறி 139.24 என்று வந்தது. கண்டுபிடித்தவர் கடைக்காரர்.

அதனால் முதலில் மெயினை உங்கள் ப்ராஞ்சுக்குள் இழுத்து டெஸ்ட் ஓட்டுங்கள். அப்புறம் துண்டு துண்டாக அனுப்புங்கள். முடியாத பகுதியை ஒரு ஃபீச்சர் ஃப்ளாக் (கோடில் வைக்கும் ஆன்-ஆஃப் சுவிட்ச்) போட்டு அணைத்து வைத்தால், அதையும் தினமும் மெயினில் சேர்க்கலாம்.

வில்லியனூர்: எங்கள் சாஃப்ட்வேர் ஃபேக்டரி மெஷின்களில் ஓடுகிறது. ஒரு இடத்தில் 2.1, இன்னொரு இடத்தில் 3.0. எங்களுக்கும் ஒரே மெயின் போதுமா?

போதாது. வெளியே ஓடும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ரிலீஸ் ப்ராஞ்ச், அனுப்பியதற்கெல்லாம் ஒரு டேக் (பெயர்ச் சீட்டு). பிழையை மெயினில் திருத்திவிட்டு அங்கிருந்து செர்ரி-பிக் செய்யுங்கள், அதாவது அந்த ஒரு திருத்தத்தை மட்டும் ரிலீஸ் ப்ராஞ்சுக்கு நகலெடுங்கள். ரிலீஸ் ப்ராஞ்சில் மட்டும் திருத்திவிட்டு மறந்தால், 3.1-ல் அதே பிழை மறுபடி முளைக்கும்.

ரீபேஸா, மெர்ஜா? (ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்!)

ரீபேஸ் என்பது உங்கள் மாற்றங்களை மெயினின் புதிய நிலைக்கு மேல் மறுபடி அடுக்குவது, அதனால் வரலாறு மாறிவிடும். நீங்கள் மட்டும் வேலை செய்யும் ப்ராஞ்சில் ரீபேஸ். மற்றவர் இழுத்துவிட்ட ப்ராஞ்சை ரீபேஸ் செய்யாதீர்கள், அங்கே மெர்ஜ்தான். ஏதாவது தொலைந்தால் ரெஃப்லாக் (ப்ராஞ்ச் எங்கெங்கே நகர்ந்தது என்று கிட் வைத்திருக்கும் குறிப்பேடு) பாருங்கள், பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

கடலூர் முதுநகர்: நாங்கள் இன்னும் சப்வெர்ஷன்தான் (கிட்டுக்கு முந்தைய, ஒரே சர்வரில் வரலாற்றை வைக்கும் மென்பொருள்), அண்ணா. மாறியே ஆக வேண்டுமா?

சப்வெர்ஷனில் சர்வர் கிடைக்காவிட்டால் கமிட் செய்ய, அதாவது மாற்றத்தைப் பதிவு செய்ய, முடியாது. கிட்டில் முழு வரலாறும் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு கரன்ட் எத்தனை நாள் இல்லை என்று உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோட் ஃபைல்களைக் கிட்டுக்குக் கொண்டுவாருங்கள். டிசைனர்களின் ஃபோட்டோஷாப் ஃபைல்கள் சப்வெர்ஷனிலேயே இருக்கட்டும். ஒரே படத்தை இரண்டு பேர் திருத்தினால் கிட்டால் அதை ஒன்றாக்க முடியாது, ஒருவர் திருத்தும்போது மற்றவரைத் தடுக்கும் சப்வெர்ஷனின் பூட்டு அங்கே உதவும்.