ஒரே பெயர், வேறு வேறு வண்டி

வாகனக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, வெளிநாட்டிலிருந்து ரீகண்டிஷன் வண்டிகளாக வரும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றியவை. சுங்கை சிப்புட்டில் பட்டறை நடத்தும் எனக்கு இது நாள்தோறும் கையில் படும் விஷயம் என்பதால், மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது ஈப்போவில் வேலை செய்பவன். 2007 முதல் 2010 வரை வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஒன்றை வாங்க ஐந்து ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வருகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சானிடம் அதே காலத்து டைப் ஆர் இருக்கிறது. வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழல்கிறது என்கிறார். இங்கே கிடைக்கும் வண்டியும் அப்படித்தான் இருக்குமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, உங்கள் மச்சானிடம் இருப்பதும் நீங்கள் வாங்க நினைப்பதும் பெயரில் மட்டுமே ஒன்று. ஜப்பானில் விற்கப்பட்ட எஃப்டி2 என்பது நான்கு கதவு செடான். இரண்டு லிட்டர் எஞ்சின் 225 குதிரைத்திறன் தரும். பின்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். மலேசியாவிலும் அதிகாரப்பூர்வமாக விற்கப்பட்டது அந்த வண்டிதான். ஐரோப்பாவுக்காக இங்கிலாந்தின் சுவிண்டனில் கட்டப்பட்ட எஃப்என்2 மூன்று கதவு ஹேட்ச்பேக், 201 குதிரைத்திறன், பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே தண்டால் இணைக்கும் எளிய டார்ஷன் பீம். இவை எல்லாவற்றையும் விட ஓட்டுபவரின் கைக்கு முதலில் தெரியும் வேறுபாடு, எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பகிரும் டிஃபரன்ஷியலில் இருக்கிறது. எஃப்டி2-வில் ஹெலிக்கல் வகை லிமிடட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) தொழிற்சாலையிலிருந்தே வந்தது. எஃப்என்2 வெளிவந்தபோது அது இல்லை. பிறகு வந்த சில பதிப்புகளில்தான் சேர்க்கப்பட்டது. உங்கள் மச்சானுடையது தொடக்க கால வண்டியாக இருந்தால் அவர் சொல்வது முற்றிலும் உண்மை.

வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட நீண்ட தூரம் உருள வேண்டியிருப்பதால், இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் இடம் தருகிறது. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் பகிரும். எடை குறைந்து தரையை இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வெளிச்சக்கரத்துக்கும் கிடைக்கும். மிச்ச சக்தியெல்லாம் உள்சக்கரத்தைச் சுழற்றி டயரைத் தேய்ப்பதில் போய்விடும். ஹெலிக்கல் வகையில், விசை ஏறும்போது சாய்வெட்டுப் பற்சக்கரங்கள் கூட்டின் சுவரோடு அழுந்தி உராய்வை உண்டாக்குகின்றன. அதனால் பிடிப்புள்ள சக்கரத்துக்கு, பிடிப்பற்றது தாங்குவதைப் போலச் சில மடங்கு விசை போய்ச் சேர்கிறது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நின்றுவிட்டால், ஒன்றுமில்லாததை எத்தனை மடங்கு பெருக்கினாலும் ஒன்றுமில்லைதான். அங்கே ஹெலிக்கல் உங்களைக் கரை சேர்க்காது.

ஒரு சந்தைக்குக் கொடுப்பதை இன்னொரு சந்தைக்கு ஏன் கொடுப்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். விலை, எரிபொருள், சட்டம், வாங்குபவரின் பழக்கம் என்று காரணங்கள் கலந்திருக்கும். மிட்சுபிஷி எவல்யூஷனைப் பாருங்கள். பின் இரு சக்கரங்களுக்கிடையே விசையை மாற்றிக் கொடுக்கும் ஏஒய்சி 1996-இல் நான்காம் எவல்யூஷனிலேயே ஜப்பானில் வந்துவிட்டது. ஆனால் 2003-இல் அமெரிக்காவுக்குப் போன எட்டாம் எவல்யூஷனில் அதுவும் இல்லை, மின்னணு நடு டிஃபரன்ஷியலான ஏசிடியும் இல்லை. ஏசிடி அங்கே 2005-இல்தான் போய்ச் சேர்ந்தது. ஜப்பானுக்குள்ளேயே போட்டிக்காரர்களுக்கான ஆர்எஸ் ரகத்தில் ஏஒய்சி கிடையாது. அதற்குப் பதில் இயந்திர வகை லிமிடட் ஸ்லிப் இருக்கும். ஆகவே வண்டியின் பின்பக்கப் பெயரெழுத்துகளைப் பார்த்து விலை பேசுவது தவறு.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது? முன்சக்கரங்களைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் மற்றது எதிர்த்திசையில் திரும்பும் என்றும், அப்படித் திரும்பினால் அது சாதாரண டிஃபரன்ஷியல் என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். உராய்வுத் தட்டுகளால் வேலை செய்யும் கிளட்ச் தட்டு வகை லிமிடட் ஸ்லிப்புக்கு இந்தச் சோதனை சரி. ஹெலிக்கல் வகையும் விசை இல்லாதபோது எதிர்த்திசையில்தான் திரும்பும் என்பதால், சிவிக்குக்கு இது உதவாது. நம்பிக்கையான வழி ஒரு பக்க டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி, அந்தத் துளைக்குள் விளக்கடித்துப் பார்ப்பது. நடுவில் குறுக்குத் தண்டு தெரிந்தால் அது சாதாரண வகை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் வேறொரு கடையில் வாங்கிய வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். கியர் பெட்டி எப்போதோ மாற்றப்பட்டு, உள்ளே குறுக்குத் தண்டு பளிச்சென்று தெரிந்தது. அவர் பணம் கொடுத்தது டைப் ஆருக்கு. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தயவு செய்து ஒரு மணி நேரக் கூலியைக் கொடுத்துக் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: என் ஜப்பானிய சுபாரு எஸ்டிஐ, மற்ற சுபாருகளைப் போல ‘குடுகுடு’ என்று அதிரவில்லை. சைலன்சரை மாற்றினால் அந்த ஓசை வருமா? (வாசகர், கோலகங்சார்)

பதில்: வராது. அந்த ஓசை பிறப்பது சைலன்சரில் அல்ல, எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்த் தொகுதியில். சுபாருவின் நான்கு சிலிண்டர்கள் 1, 3, 2, 4 என்ற வரிசையில் எரிகின்றன. 1-உம் 3-உம் ஒரு பக்கம், 2-உம் 4-உம் மறுபக்கம். அதாவது ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு, பிறகு எதிர்ப்பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு. இரு பக்கத்துக் குழாய்களின் நீளமும் சமமில்லாவிட்டால் புகைத் துடிப்புகள் சீரற்ற இடைவெளியில் வந்து சேரும்; அதுதான் நீங்கள் கேட்கும் ‘குடுகுடு’. அமெரிக்காவுக்கு 2004 முதல் சென்ற இரண்டரை லிட்டர் எஸ்டிஐ அப்படிப்பட்டது. ஜப்பானுக்கான இரண்டு லிட்டர் எஞ்சினில் புகையை இரண்டு தனி வழிகளில் வாங்கும் இரட்டைச் சுருள் டர்போ வந்த பிறகு 1-ஐ 2-உடனும், 3-ஐ 4-உடனும் சம நீளக் குழாய்களில் இணைத்தார்கள். துடிப்புகள் ஒழுங்காக வருவதால் டர்போ சீக்கிரம் சுழலத் தொடங்கும், ஓசையும் மென்மையாகும். ஓசைக்காக அந்த நல்ல அமைப்பைப் பிடுங்கி எறிவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதே செலவில், ஜப்பானின் 100 ஆக்டேன் பெட்ரோலுக்காக அமைக்கப்பட்ட உங்கள் எஞ்சினை நம் ரோன்97-க்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். நாக்கிங்கால், அதாவது எரிபொருள் நேரம் தவறி வெடிப்பதால், பிஸ்டன் உடைந்தால் எந்த ஓசையும் மிஞ்சாது.

கேள்வி: நான் ஒரு முதலாளியிடம் ஓட்டுநராக இருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து வந்த போர்ஷே 911 (992 ரகம்) வாங்கியிருக்கிறார். ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் பொத்தானை அழுத்தியும், அமெரிக்கக் காணொளிகளில் கேட்கும் கர்ஜனை இல்லை என்று என்னைக் கடிந்துகொள்கிறார். பழுதா? (வாசகர், தாப்பா)

பதில்: பழுதில்லை என்று முதலாளியிடம் துணிந்து சொல்லுங்கள். எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி ஊசி முறையிலான பெட்ரோல் எஞ்சின் ஒரு கிலோமீட்டருக்கு வெளியேற்றும் நுண்துகள் எண்ணிக்கைக்கு ஐரோப்பா கடும் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு 2017 செப்டம்பரில் புதிய ரகங்களுக்கும், 2018 செப்டம்பரில் புதிதாகப் பதியப்படும் எல்லாக் கார்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. அதை எட்டப் புகைக்குழாயின் நடுவே தேன்கூடு போன்ற ஒரு வடிகட்டி வைத்தார்கள். புகை அதன் நுண்ணிய சுவர்கள் வழியே கசிந்து போவதால் ஓசையின் கூர்மை மழுங்கிவிடும். அமெரிக்காவுக்குப் போன 992-இல் அந்த வடிகட்டி இல்லை.

அடுத்தது ஓசைச் சட்டம். 2016 முதல் நடப்பிலுள்ள ஐக்கிய நாடுகளின் 51-ஆம் விதிமுறையின் மூன்றாம் திருத்தத்தில், வண்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி ஒலிவாங்கி வைத்து அளக்கிறார்கள். சாதாரணக் காருக்கு 72 டெசிபெல்லில் தொடங்கி 70, 68 என்று படிப்படியாக வரம்பு இறங்குகிறது. எடைக்கு மிஞ்சிய சக்தியுள்ள கார்களுக்குச் சற்றுக் கூடுதல் சலுகை. சோதனை வேகத்தில் மட்டும் புகைக்குழாயின் வால்வை மூடிக்கொண்டு மற்ற நேரத்தில் திறந்துவிடும் தந்திரத்தைத் தடுக்கவும் அதில் தனிப் பிரிவு உண்டு. ஆகவே பொத்தானை அழுத்தினாலும் வால்வு எந்தச் சுழற்சியில், எந்தச் சுமையில் திறக்க வேண்டும் என்பதை அந்தச் சந்தைக்கான மென்பொருளே முடிவு செய்கிறது. கலிபோர்னியாவின் வரம்பு 95 டெசிபெல், ஜப்பானில் முன்பு நடப்பிலிருந்தது 96 என்று படித்துவிட்டு அங்கெல்லாம் தாராளம் என்று எண்ண வேண்டாம். அவை நின்றுகொண்டிருக்கும் வண்டியின் குழாய் வாயில் அருகே, அரை மீட்டரில் அளக்கும் எண்கள், 7.5 மீட்டர் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

வடிகட்டியை அறுத்தெடுக்கச் சொல்லி முதலாளி உங்களை அனுப்பினால் மறுத்துவிடுங்கள். நம் நாட்டிலும் 1987-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன இரைச்சல் விதிமுறைகள் இருக்கின்றன. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சாலைச் சோதனையில் பிடிபட்டால் ஓட்டுநர் இருக்கையில் இருப்பது நீங்கள். விடியற்காலையில் தோட்டத்து ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் இன்னும் நடந்து செல்லும் சாலைகள் இவை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: என் சுபாருவின் பின் டிஃபரன்ஷியல் ஓசையிடுகிறது. ஹாஃப் கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டி) எடுத்த ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. மாட்டலாமா? (வாசகர், சிலிம் ரிவர்)

பதில்: விகிதத்தை எண்ணிப் பார்க்காமல் மாட்டாதீர்கள். சுபாருவில் 3.9, 4.111, 4.444 என்று சந்தைக்கும் ரகத்துக்கும் ஏற்பப் பல விகிதங்கள் உண்டு. முன் அச்சின் விகிதம் கியர் பெட்டிக்குள் இருக்கிறது. பின்னால் வேறு விகிதம் மாட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, நடு டிஃபரன்ஷியல் வெந்துபோகும். சில பெட்டிகளில் பின்பக்கம் செல்லும் பற்சக்கரத்திலேயே 1.1 விகிதம் இருப்பதால், முன்னால் 3.9-உம் பின்னால் 3.545-உம் சரியான ஜோடியாகும். எனவே உங்கள் கியர் பெட்டியின் குறியீட்டைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டிஃபரன்ஷியல் தரையில் கிடக்கும்போதே சோதிக்கலாம்: இரண்டு பக்க அச்சுகளும் சேர்ந்து ஒரு முழுச்சுற்றுச் சுற்ற, முன்னாலுள்ள பினியன் (விசையை உள்ளே கொண்டுவரும் பற்சக்கரத் தண்டு) எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடிட்டு எண்ணுங்கள். நான்கு சுற்றுக்குச் சற்றுக் குறைவு என்றால் 3.9; நான்கரைக்குச் சற்றுக் குறைவு என்றால் 4.444. மாட்டிய பிறகு, அது கிளட்ச் தட்டு லிமிடட் ஸ்லிப்பாக இருந்தால் அதற்குரிய எண்ணெயையே ஊற்றுங்கள். சாதாரண எண்ணெய் ஊற்றினால் மெதுவாகத் திரும்பும்போது ‘கடகட’ என்று கேட்கும், அதைப் பழுது என்று எண்ணி மீண்டும் கழற்றுவீர்கள்.