கேள்வி-பதில்: சொட்டுகிற இடமும் கசிகிற இடமும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய வண்டிகளின் அடியில் விழும் சொட்டைப் பற்றியவை என்பதால், மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தக்காளி ஏற்றும் என் டீசல் வண்டிக்கு வயது 14. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் கறுப்பு ஆயில் சொட்டுகிறது. கிராங்க் சீல் (எஞ்சின் தண்டின் பின்முனையில் ஆயிலை அடைத்து நிற்கும் வளையம்) போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: அவர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள். அடிப்பக்கம் ஈரமாக இருப்பதை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால் அது வெறும் ஊகம். மேலே எஞ்சினை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங் காய்ந்து விறைத்துக் கசியத் தொடங்கினால், அந்த ஆயில் எஞ்சினின் பின்பக்கமாக வழிந்து இறங்கி, வண்டி ஓடும்போது அடிக்கும் காற்றில் இன்னும் பின்னால் தள்ளப்பட்டு, கிராங்க் சீல் போனால் எங்கே சொட்டுமோ அதே இடத்தில்தான் வந்து சொட்டும். பேக்கிங் மாற்றுவது சிறிய வேலை. சீல் மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். பெரிய வேலையைச் சொல்லிவிடுவது சுலபம் என்பதால் பல பட்டறைகளில் அதுதான் முதலில் வாயில் வருகிறது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டீசல் நனைத்த துணியால் பழைய பிசுக்கைத் துடைத்தெடுத்து, காயவிட்டு, இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். 10, 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டார்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அங்கேதான் கசிவு. ஆயில் பில்டரை அண்மையில் மாற்றியிருந்தால், பழைய பில்டரின் ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டியிருக்க அதன் மேல் புதியதை முறுக்கிவிட்டார்களா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். கெட்டியாகவும் கந்தக வாடையோடும் இருந்தால் அது கியர் ஆயில், எஞ்சினுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

மேலே எல்லாம் காய்ந்திருந்து, கியர் பாக்ஸ் கூட்டின் அடித் துளையிலிருந்து மட்டும் எஞ்சின் ஆயில் வந்தால், மெக்கானிக் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் சீலைத் தொடுவதற்கு முன், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, இன்று போடும் புதுச் சீலையும் கசிய வைத்துவிடும்.

கேள்வி: ஏ.சி. போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் காரின் அடியில் நிறமற்ற நீர் சொட்டுகிறது. எஞ்சின் கோளாறா? – வாசகி, ஓசூர்

பதில்: வாடையும் வழவழப்பும் இல்லாத வெறும் தண்ணீர் என்றால் அது ஏ.சி. வெளியேற்றும் ஈரம், செலவு எதுவும் வேண்டாம்.

கேள்வி: போன வாரம் இரவில் புரோக்கர் மூலம் பழைய ஜீப் ஒன்று வாங்கினேன். எஞ்சின் பளபளவென்று இருந்ததால் ஓட்டிப் பார்க்கவில்லை. இப்போது நான்கு இடங்களில் ஒழுகுகிறது. – வாசகர், அரூர்

பதில்: இரவில் பார்த்தீர்கள், ஓட்டிப் பார்க்கவில்லை, பளபளப்புக்குப் பணம் கொடுத்தீர்கள். இதில் நான் யாரைத் திட்டுவது? பழைய வண்டியின் எஞ்சின் பளபளக்கிறது என்றால், நேற்றுதான் வாட்டர் சர்வீஸுக்குப் போய் வந்திருக்கிறது என்று பொருள். நியாயமாக ஓடிய எஞ்சினின் மேல் தூசி படிந்திருக்கும். கசிவு இருந்தால் அந்தத் தூசியே ஆயிலைக் குடித்துக் கறுத்துத் தடித்து, எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுக்கும். கழுவிவிட்டால் சாட்சியே போய்விடுகிறது. கழுவி, கறுப்புப் பெயின்ட் அடித்து விற்பதை இங்கே யாரும் தவறாகவே நினைப்பதில்லை என்பது எனக்குப் பல ஆண்டு எரிச்சல். வண்டி பார்க்கப் போகிறவர், விடியற்காலையில், விற்பவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போக வேண்டும். எஞ்சினைப் பார்ப்பதற்கு முன், அந்த வண்டி இரவெல்லாம் நின்ற தரையைப் பார்க்க வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் நான் வாங்கிய வண்டியை, அதன் சொந்தக்காரர் புதிதாகக் கொட்டிய மணலின் மேல் நிறுத்தி வைத்திருந்தார். வீட்டு வேலை நடக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆயில் விளக்கு எரிந்தபோது ஆயில் கேஜை உருவிப் பார்த்தால், அதன் நுனி மட்டுமே நனைந்திருந்தது. மணல் எதற்காக என்பது அப்போதுதான் விளங்கியது.

கேள்வி: என் கணவர் விட்டுச் சென்ற காரில் ஆயில் ஒழுகியது. பட்டறையில் 18,500 ரூபாய் வாங்கி ‘சீல் எல்லாம்’ மாற்றியதாகச் சொன்னார்கள். ஒரே வாரத்தில் பழையபடி ஒழுகுகிறது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற இன்னும் 9,000 வேண்டுமாம். பில் தரவில்லை, செல்போனில்தான் பணம் அனுப்பினேன். – வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பில் இல்லையே என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். செல்போனில் பணம் போன பதிவே சான்றுதான். கசிகிற இடத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். கழற்றிய பழைய சீல்களைக் கேளுங்கள். அவற்றைக் காட்ட முடியாதவர் மாற்றினாரா என்பதே சந்தேகம். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, என்ன வேலை நடந்திருக்கிறது, எது நடக்கவில்லை என்று எழுதி வாங்குங்கள். பிறகு, 15 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று பட்டறைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடரலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்; கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது; வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கேள்வி: எஞ்சினில் ஊற்றினால் ஒழுகலை நிறுத்தும் மருந்து ஒன்று விற்கிறார்களே, வாங்கலாமா? – வாசகர், ஊத்தங்கரை

பதில்: விறைத்த ரப்பர் சீலைக் கொஞ்ச நாளைக்கு ஊத வைக்கும், அவ்வளவுதான். நான் இரண்டு பாட்டில் ஊற்றிய பிறகு, ஒழுகியது, ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் நட்டின் வாஷர் என்று தெரிந்தது.

கேள்வி: பின் சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருக்கிறது. எஞ்சின் ஆயில் குறையவில்லை. அடுத்த வாரம் சேலம் போய் வந்த பிறகு காட்டலாமா? – வாசகர், நல்லம்பள்ளி

பதில்: கூடாது. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு இறங்கியிருந்தால், சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டர் கசிகிறது. அளவு சரியாக இருந்து, கசிவு கெட்டியாக வாடை அடித்தால் சக்கர அச்சில் ஆயிலைத் தடுத்து நிற்கும் ஆக்சில் சீலாக இருக்கலாம். அந்த ஆயிலும் பிரேக் ஷூவில் ஏறினால் பிரேக் பிடிக்காது. இரண்டில் எதுவானாலும் அந்த வண்டியைச் சேலம் போகும் வழியில் உள்ள தொப்பூர் மலை இறக்கத்தில் விடக் கூடாது. பட்டறைக்கும் ஓட்டிக்கொண்டு போகாமல், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழையுங்கள். சேலத்துக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள்.