பருப்பும் தராசும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 41, எடை 78 கிலோ. நான்கு மாதங்களுக்கு முன் இறைச்சி, மீன் இரண்டையும் விட்டேன். எடை குறையவேண்டும் என்பது முதல் காரணம். மனமும் அதை விரும்பியது. வீட்டில் மற்ற நான்கு பேரும் இறைச்சி சாப்பிடுகிறவர்கள். சமைப்பது நான்தான். முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தது. அதில் இரண்டு கிலோ திரும்ப வந்துவிட்டது. இரண்டு வேளையும் பருப்பு சேர்த்துக்கொள்கிறேன், அதனால் புரதத்துக்குக் குறைவில்லை. தினமும் ஒரு கை பாதாம், இரவில் கொஞ்சம் சீஸ். கறி சமைக்கும் நாளில் துண்டுகளை விட்டுவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வேன். அவர்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது மனம் தளர்கிறது. மன உறுதியை எப்படி வளர்த்துக்கொள்வது? இரவில் சோற்றை அடியோடு விட்டுவிடலாமா? வீட்டாரையும் மாறச் சொல்லலாமா?

ர.

அன்புள்ள ர.,

ஐந்து பேருக்கும் சமைத்துவிட்டு, தனக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக் கூச்சப்பட்டு, இருப்பதிலேயே ஒதுக்கி எடுத்துச் சாப்பிடுகிறீர்கள். படித்தபோது வருத்தமாக இருந்தது. கோபமும் வந்தது, ஒரே ஒரு வரியின் மேல். "பருப்பு சேர்த்துக்கொள்கிறேன், அதனால் புரதத்துக்குக் குறைவில்லை." இறைச்சியை விட்டவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வரி இது. இதைப் பற்றி எழுதவேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டாரை மாறச் சொல்லாதீர்கள். அவர்கள் தட்டில் இருப்பது உங்கள் எடையைக் கூட்டாது. இரவுச் சோற்றை விடவும் வேண்டாம். நாள் முழுவதும் உள்ளே போகிற மொத்தத்தைத்தான் உடம்பு கணக்கில் வைத்துக்கொள்கிறது. சமைத்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. 150 கிராம் நிறுத்து எடுத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

இனி பருப்பு.

ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு பருப்பு வேகவைக்கிறீர்கள்? கடிதத்தில் அந்த எண் இல்லை. நிறுத்துப் பார்த்தால்தானே எழுத முடியும்! 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 30 கிராம். உலர்ந்த பருப்பு 100 கிராமில் புரதம் 22 முதல் 24 கிராம் வரை இருக்கும். உங்கள் பங்குக்கு வருவது 7 கிராம். இரண்டு வேளைக்கு 14. தண்ணீர் விட்டு நீட்டினால் கிண்ணம் நிறையும், புரதம் அதே 7 கிராமில் நிற்கும். கிண்ணம் நிறைந்திருப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

இதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது? ஒரு நாளில் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, வெந்த எடையில் 150 கிராம் சாப்பிட்டீர்கள் என்றால், அதில் புரதம் 45 கிராம், கலோரி 250. அதை எடுத்துவிட்டீர்கள். காலியான இடத்தில் தானாக வந்து உட்கார்ந்தவை எவை என்று பாருங்கள். கூடுதலாக ஒரு கரண்டிச் சோறு, 150 கிராம், 195 கலோரி. ஒரு கை பாதாம், 30 கிராம், 170 கலோரி. சீஸ் 30 கிராம், 120 கலோரி. மூன்றும் சேர்ந்து 485 கலோரி. புரதம் 17 கிராம். போனது 250 கலோரி, வந்தது 485. நீங்கள் எந்தத் தப்பும் செய்ததாக உங்களுக்கே தெரியாது, ஏனென்றால் பாதாமும் சீஸும் "புரதம்" என்ற பெயரில்தான் உள்ளே வந்தன. பாதாமில் பாதி எடை கொழுப்பு. சீஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நல்ல உணவுகள்தான், ஆனால் எடை குறைக்கிறவர் அவற்றைப் புரதக் கணக்கில் எழுதக்கூடாது.

இந்த இடத்தில், "அப்படியானால் பருப்பை இன்னும் கூட்டிக்கொள்கிறேன்" என்று சொல்வீர்கள். கூட்டிப் பாருங்கள். அந்த 45 கிராமைப் பருப்பிலிருந்து மட்டும் எடுக்க உலர்ந்த எடையில் 195 கிராம் வேண்டும். கலோரி 680 ஆகும். வெந்தபின் அரைக் கிலோவுக்கு மேல். ஒருவர் ஒரு நாளில் அதைச் சாப்பிட்டு முடிப்பதே பாடு. முடித்தாலும் எடை குறையாது. பருப்பில் புரதத்தைப்போல இரண்டரை மடங்கு மாவுச்சத்தும் நார்ச்சத்தும் இருக்கின்றன. அதைத் தானியத்தின் தங்கையாக நினையுங்கள், சரியாக இருக்கும். பசியை அடக்கும், குடலுக்கு நல்லது, தானியத்தில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தின் ஒரு கூறை, கொடுக்கும். தினமும் சாப்பிடுங்கள். ஆனால் கோழி இருந்த நாற்காலியில் அதை உட்காரவைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். புரதம் போதாமல் இருந்தால் தசை இன்னும் அதிகமாகக் கரையும். முதல் மாதம் போன மூன்று கிலோவில் கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு, தசை எவ்வளவு என்று எடைப்பொறி சொல்லாது. எடையைக் குறைக்கிற காலத்தில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் நல்லது. நீங்கள் எட்ட நினைக்கும் எடை 65 கிலோ என்றால், கீழ் எல்லையே 78 கிராம். இப்போது உங்களுக்குக் கிடைப்பது பால், ரொட்டி, சோறு எல்லாம் சேர்த்தும் 50ஐத் தாண்டாது என்றே கணிக்கிறேன்.

அந்த நாற்காலிக்கு உரியவை மூன்று. கொழுப்பு நீக்கிய சோயாத் துண்டுகள், உலர்ந்த எடையில் 50 கிராம்: புரதம் 25, கலோரி 170. கொழுப்பு நீக்கிய பாலில் செய்து துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர் 200 கிராம்: புரதம் 20, கலோரி 120. இரண்டும் சேர்ந்து 45 கிராம் புரதம், 290 கலோரி. கோழியின் கணக்கு கிட்டத்தட்ட திரும்பிவிட்டது. மூன்றாவது டோஃபு, அதாவது சோயாப் பாலைத் திரித்து எடுக்கும் பனீர். கெட்டியாக இருப்பதை வாங்கி, உறையில் போட்டிருக்கும் புரத அளவைப் படித்துவிட்டு எடுங்கள். வகைக்கு வகை மிகவும் மாறும். முட்டை உண்டு என்றால் ஒன்றுக்கு 6 கிராம், 70 கலோரி.

சோயாவை முறையாகச் சமைக்காமல், "வாடை அடிக்கிறது, ரப்பர் மாதிரி இருக்கிறது" என்று தூக்கிப் போடாதீர்கள். உலர்ந்திருக்கும்போதே நிறுத்துவிடுங்கள், வெந்தால் நீர் குடித்து ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிடும். உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம். வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிழியுங்கள். மறுபடி அலசி மறுபடி பிழியுங்கள். வாடை அந்தத் தண்ணீரோடு போகும். பிழியாத துண்டுக்குள் ஏற்கெனவே நீர் நிறைந்திருப்பதால் மசாலா ஏறாது. பிழிந்த துண்டை மசாலாவில் போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் மூடி வையுங்கள். எண்ணெயில் மட்டும் பொரிக்காதீர்கள். நீரைக் குடித்ததுபோலவே எண்ணெயையும் குடிக்கும்.

இப்போது அந்தக் குழம்பு. துண்டுகளை விட்டுக் குழம்பை ஊற்றிக்கொள்வது சைவம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும், அதை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன். எடைக் கணக்கில் அது இன்னும் மோசம். வேகும்போது இறைச்சியின் கொழுப்பு உருகி, ஊற்றிய எண்ணெயோடு சேர்ந்து மேலே மிதக்கிறது. கரண்டி முதலில் அள்ளுவது அதைத்தான். ஒரு மேசைக்கரண்டிக் கொழுப்பு வந்தாலே 120 கலோரி. புரதமோ பெரும்பாலும் துண்டிலேயே தங்கிவிடுகிறது. வேண்டாததை எல்லாம் எடுத்துக்கொண்டு, வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு வருகிறீர்கள்!

இதற்கு ஒரு வழி போதும். ஐந்து பேருக்குமான வெங்காயம், தக்காளி, மசாலாவை ஒரே பாத்திரத்தில், மேசைக்கரண்டியால் அளந்து ஊற்றிய எண்ணெயில் வதக்குங்கள். மூன்று கரண்டி ஐந்து பேருக்குப் போதும். பச்சை வாசனை போனதும், இறைச்சி விழுவதற்கு முன், ஐந்தில் ஒரு பங்கைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அதில் பிழிந்த சோயாவையோ டோஃபுவையோ போடுங்கள். பெரியதில் அவர்களுடைய கறி. இரண்டுக்கும் தனித்தனிக் கரண்டி. அதிகமாகும் வேலை கால் மணி நேரம் இருக்கும். அந்தக் கால் மணி நேரத்தை உங்களுக்காகச் செலவிட உங்களுக்கு உரிமை இருக்கிறது, ர.

கொண்டைக்கடலையை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஊறவைத்து வேகவைத்து, 150 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து உறையவைத்துக்கொள்ளலாம். ஒன்றில் 13 கிராம் புரதம், 245 கலோரி. திடீரென்று அளவைக் கூட்டினால் வயிறு உப்பும்; இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். சிவப்புக் கிட்னி பீன்ஸுக்கு ஓர் எச்சரிக்கை. 5 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைத்தால் அதிலுள்ள நச்சு லெக்டின் அழியாது. கடும் வாந்தியில் கொண்டுபோய் விடும்.

பி12 வைட்டமின் தாவர உணவில் நம்பும்படியாகக் கிடைக்காது. பாலும் தயிரும் கொஞ்சம் தரும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இரும்புச்சத்தையும் அதிலேயே பார்த்துவிடலாம். அந்த இரும்பு உடம்பில் சேர, சாப்பாட்டோடு எலுமிச்சை சேர்த்துக்கொள்ளுங்கள். டீ, காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால் சோயாவுக்கும் அதற்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

மன உறுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரவு எட்டரைக்கு, மதியத்திலிருந்து புரதம் இல்லாத வயிற்றோடு, கறி வாசனையில் நின்று நான்கு பேருக்குப் பரிமாறினால் யாருக்கும் மனம் தளரும். அது பசி. மாலை ஆறு மணிக்கு, பாதாம் சாப்பிடும் நேரத்தில், அந்த 200 கிராம் தயிரைச் சாப்பிட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். இரவில் உங்கள் சின்னப் பாத்திரத்தை முதலில் தட்டில் கவிழ்த்துக்கொண்டு, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நின்றுகொண்டு பரிமாறவேண்டாம், கரண்டியை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.