வெட்டிவேர்த் தூரின் நடுப்பகுதி காய்வது

தொட்டியில் வளர்க்கும் வெட்டிவேர்ச் செடி நடுவில் காய்கிறது, உரம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் பழுப்பு, ஓரத்தில் பச்சை என்றால் செடி சாகவில்லை. உரம் வேண்டாம், தூரைப் பிரித்து நடுங்கள். மூன்று ஆண்டுகளாக ஒரே தொட்டி என்கிறீர்கள். வேர் நெருங்கி, தண்ணீர் நடுவுக்கு இறங்காமல் ஓரமாக வழிந்திருக்கும்.

தொட்டியைச் சாய்த்து உருவிப் பாருங்கள். மண்ணைவிட வேரே அதிகம் தெரிந்தால் அதுதான் காரணம். வேர் கறுத்து, கொழகொழத்து நாறினால் வேறு கதை: வடிகால் துளை அடைத்திருக்கிறது.

தாளை ஒரு சாண் விட்டு வெட்டி, ஓரத்துத் தண்டுகளை மூன்று மூன்றாக வேரோடு பிரித்து, 40 செ.மீ. ஆழத் தொட்டியில் முன்பிருந்த ஆழத்திலேயே நடுங்கள். இரண்டு வாரம் மண் காயவே கூடாது. தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், ஏடிஸ் கொசு வரும்.

வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் நேரடி வெயில் விழாவிட்டால் பிரித்து நட்டும் மெலியும். இது நிழலுக்கான புல் அல்ல.