ஜிஇடி எழுதப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் அதற்கு ஈடான சான்றிதழ் வாங்க எழுதுவது ஜிஇடி தேர்வு. பெரியவர்களுக்கு அதன் கணக்கும் கட்டுரையும் சொல்லித் தருகிறேன். அவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, வேலை அனுமதி எல்லாம் வக்கீலிடம்.

பத்தாவதோடு நின்றுவிட்டேன், இப்போது வயது 41. எங்கிருந்து ஆரம்பிப்பது அக்கா?

புத்தகம் வாங்குவதற்கு முன்னால் 'ஜிஇடி ரெடி' என்ற அதிகாரபூர்வ மாதிரித் தேர்வை எழுதிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். மொழித்திறன், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று நான்கு பாடங்கள். ஒவ்வொன்றும் 100 முதல் 200 வரை. ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் பாஸ். ஒன்றில் 170 எடுத்து இன்னொன்றின் 130-ஐ ஈடுகட்ட முடியாது. ஆனால் நான்கையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. நன்றாக வரும் பாடத்தை முதலில் எழுதி முடித்துவிடுங்கள், தைரியம் வரும்.

அறிவியலுக்கு மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஒரு பத்தி, ஒரு வரைபடம், ஒரு அட்டவணை கொடுத்து அதிலிருந்துதான் பெரும்பாலும் கேட்பார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம்தான் வேண்டும். பெரியவர்களுக்கான இலவச வகுப்புகள் சமுதாயக் கல்லூரிகளிலும் பல நூலகங்களிலும் நடக்கின்றன, விசாரியுங்கள்.

தமிழில் எழுத முடியுமா?

முடியாது. ஆங்கிலம் அல்லது ஸ்பானிஷ்.

என் மனைவி ஊரில் பிளஸ் டூ முடித்தவர். கல்லூரியில் சேர ஜிஇடி வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். மதிப்பெண் பட்டியலை வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பீடு செய்யும் நிறுவனத்துக்கு அனுப்பினால் போதும் என்றுதான் பல கல்லூரிகள் சொல்லும். எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று கல்லூரியிலேயே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கணக்கில் கால்குலேட்டர் உண்டாமே? அப்புறம் என்ன பயம்?

அந்தக் கால்குலேட்டரே காலை வாரிவிடும் தம்பி. மொத்தம் 115 நிமிடம். முதல் ஐந்து கேள்விகளுக்கு அது கிடையாது. அந்தப் பகுதியை முடித்துவிட்டால் திரும்பிப் போகவும் முடியாது. பிறகு திரையில் டிஐ-30எக்ஸ்எஸ் என்ற கால்குலேட்டர் வரும். கையில் பழகாமல் போனால் என்ன ஆகும், பாருங்கள்.

x-இன் மதிப்பு −3 என்றால் x² − 5 எவ்வளவு? விடை 4. நீங்கள் அவசரத்தில் −3, வர்க்கம், கழித்தல் 5 என்று அப்படியே தட்டுகிறீர்கள். −14 என்று வரும். ஏனென்றால் அது 3-ஐ மட்டும் வர்க்கப்படுத்திவிட்டு மைனஸை வெளியே வைக்கிறது. (−3)² என்று அடைப்புக்குறி போட்டால்தான் 9. இன்னொன்று: எதிர்மறை எண்ணுக்கு (−) என்று தனி விசை இருக்கிறது, கழித்தல் விசை வேறு. மாற்றி அழுத்தினால் பிழை என்று திரையில் வரலாம், அதிலேயே பதற்றம் தொற்றிக்கொள்ளும். என் வகுப்பில் முதல் வேலையே இதுதான்.

சாய்வு, கன அளவு, இருபடிச் சூத்திரம் எல்லாம் சூத்திரத் தாளில் இருக்கும். உருப்போட வேண்டாம், எதை எங்கே போடுவது என்று பழகுங்கள்.

தேர்வே எழுதாமல் வீட்டிலிருந்தே டிப்ளமோ தருவதாக ஒரு இணையதளம் சொல்கிறதே?

மோசடி. தேர்வு எழுதாமல் ஜிஇடி இல்லை. ஜிஇடி-யின் அதிகாரபூர்வ தளத்தைத் தவிர வேறு எங்கும் பதிவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கட்டுரையில் என் கருத்தை எப்படி அழகாகச் சொல்வது?

சொல்லவே கூடாது. நம் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 45 நிமிடம் தருவார்கள். ஒரே விஷயத்தில் எதிரெதிராகப் பேசும் இரண்டு வாதங்கள் இருக்கும். எந்த வாதத்துக்கு ஆதாரம் பலமாக இருக்கிறது என்பதே கேள்வி. வாகனம் ஓட்டும் வயதை உயர்த்தலாமா என்று வந்தால், உங்கள் பிள்ளை எப்படி ஓட்டுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் விபத்துக் கணக்கைக் காட்டுகிறார், மற்றவர் 'எல்லோருக்கும் தெரிந்ததுதான்' என்கிறார். அந்த வித்தியாசத்தை அவர்களுடைய வரிகளைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள்.

இல்லையே டீச்சர், நான் சொந்தக் கருத்தை எழுதித்தான் பாஸ் செய்தேன்.

சந்தோஷம். ஆனால் மொழித்திறன் தாளில் வாசிப்பும் இலக்கணமும் இருக்கின்றன. அவை உங்களைக் கரையேற்றியிருக்கும். கட்டுரைக்கு வாதமும் ஆதாரமும், ஒழுங்கு, மொழி என்று மூன்று அளவுகோல்கள். முதலாவதில் சொந்தக் கருத்துக்கு இடமில்லை.

அப்படியானால் எனக்குப் பிடிக்காத தரப்பை ஆதரித்து எழுத வேண்டுமா? அது நேர்மையா?

நீங்கள் எந்தத் தரப்பையும் ஆதரிக்கவில்லையே! நன்றாக வாதாடிய வக்கீல் யார் என்று சொல்வதால் அவர் கட்சிக்காரர் நல்லவர் என்று ஆகிவிடுமா?

சரி, கொடுத்த வரிகளையே எடுத்து எழுதினால்?

முழுக்கப் பத்தியிலிருந்தே பெயர்த்து வைத்தால் மதிப்பெண் இல்லை. ஒரு வரி மேற்கோள், அது ஏன் பலம் அல்லது பலவீனம் என்று உங்கள் வார்த்தையில் இரண்டு வரி.

எத்தனை மாதம் படிக்க வேண்டும்?

மாதிரித் தேர்வு எழுதினீர்களா? எழுதிவிட்டு வாங்க.

நானும் அதையே கேட்கிறேன், குத்துமதிப்பாகச் சொல்லுங்களேன்.

மேலே பாருங்கள்.

மொத்தமாக 145 எடுத்தால் போதுமா?

ஒவ்வொரு பாடத்திலும். முதல் பதிலிலேயே இருக்கிறது.

ஃபெயிலானால்?

அந்தப் பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம். இரண்டு மறுமுயற்சிக்குக் காத்திருக்க வேண்டாம், அதன் பிறகு 60 நாள் இடைவெளி. சில மாநிலங்களில் விதி வேறு.

கனடாவில் இருக்கிறேன்.

அங்கே ஜிஇடி 2024-இல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது சிஏஇசி என்ற கனடியத் தேர்வு. உங்கள் மாகாணக் கல்வித் துறையிடம் கேளுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் என்கிறார்களே, அதுவும் மோசடியா?

இது நிஜம். பல மாநிலங்களில் உண்டு, கேமரா வழியாக ஒருவர் கண்காணிப்பார். முந்தைய 60 நாளுக்குள் 'ஜிஇடி ரெடி'யில் பச்சை நிறம், அதாவது பாஸ் ஆக வாய்ப்பு அதிகம் என்ற முடிவு, வாங்கியிருக்க வேண்டும். 'தேர்வே வேண்டாம், பணம் மட்டும் அனுப்பு' என்பவனைத்தான் நம்பக் கூடாது.

என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். இங்கே லைசென்ஸில் முதல் பெயர் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிட்டார்கள். எந்தப் பெயரில் பதிவு செய்வது?

நல்ல கேள்வி. இன்ஷியல் வைத்துக்கொண்டிருக்கும் நம் எல்லோருக்கும் வரும் தலைவலி. தேர்வு நாளில் எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள், எஃப்என்யூ உட்பட. பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பெயரைத் திருத்தும் எண்ணம் இருந்தால், அட்டையை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பதிவு செய்யுங்கள்.