35 உறுப்பினர்களோடு ஒரு பிரதமர்

வணக்கம் ஐயா,

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தைப் பத்தாம் வகுப்புக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். இத்தாலியில் பாசிசம் வளர்ந்ததற்கு வேலையின்மை, விலைவாசி, பாரிஸ் அமைதி மாநாட்டு ஏமாற்றம் என்று காரணங்களை வரிசையாகச் சொல்லி, முசோலினியின் ரோம் அணிவகுப்போடு முடித்தேன். ஒரு மாணவி எழுந்து, "இத்தாலி ஜெயிச்ச பக்கம்தானே டீச்சர் இருந்தது? ஜெயிச்ச நாட்டுல ஏன் இப்படி?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "35 எம்.பி. வெச்சிக்கிட்டு எப்படிப் பிரதமர் ஆனார்?" என்றாள். இரண்டுக்கும் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர், "முசோலினி வராமல் இருந்திருந்தால் இத்தாலி ரஷ்யா மாதிரி ஆகியிருக்கும். மக்கள் பயந்துபோய் அவரைக் கூப்பிட்டார்கள்" என்றார். அது சரியா? நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.

ஓர் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவிகள் இருவரும் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்கள். காரணங்களைப் பட்டியலாகப் படிக்கும்போது யார், எங்கே, எப்போது என்பது காணாமல் போய்விடுகிறது. பாசிசம் ஏதோ மழை வெள்ளம் போலத் தானாக வந்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் முடிவெடுத்தார். அதனால் ஆட்களையும் தேதிகளையும் வைத்தே எழுதுகிறேன்.

இத்தாலி ஜெயித்த நாடுதான். 1914இல் போர் தொடங்கியபோது ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியோடு கூட்டணியில் இருந்தும் அது போரில் சேராமல் ஒதுங்கி நின்றது. 1915 ஏப்ரலில் லண்டனில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவோடு ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டது. ஆஸ்திரியாவை எதிர்த்து நின்றால் அதன் கையிலிருந்த திரெந்தினோ, திரியெஸ்தே, இஸ்திரியா, தல்மாத்தியாவின் ஒரு பகுதி கிடைக்கும் என்பது பேரம். நாடாளுமன்றத்துக்கு இது தெரியாது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் போர் வேண்டாம் என்று சொன்ன மூத்த தலைவர் ஜியோலிட்டியின் பக்கம் இருந்தார்கள். மே மாதம் ரோமிலும் மிலானிலும் போர் கேட்டுக் கூட்டங்கள் தெருவில் இறங்கின. கவிஞர் டனுன்சியோ மேடையேறி ஜியோலிட்டியைத் துரோகி என்றார். ஒப்பந்தம் போட்ட பிரதமர் சலாந்திரா, சபையில் ஆதரவில்லாமல் பதவி விலகினார். மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அந்த விலகலை ஏற்காமல் அவரையே தொடரச் சொன்னார். நாடாளுமன்றம் அடங்கிப்போய் 407க்கு 74 என்ற கணக்கில் அரசுக்குப் போர்க்கால அதிகாரம் கொடுத்தது.

பாசிசத்தின் வரலாற்றுப் பின்னணி எது என்று என்னைக் கேட்டால், போருக்குப் பிந்தைய விலைவாசிக்கு முன்னால் இந்த மே மாதத்தைத்தான் சொல்வேன். தெருவில் இறங்கும் ஒரு சிறுபான்மை, அரண்மனை துணையிருந்தால், நாடாளுமன்றத்தின் பெரும்பான்மையை வளைத்துவிடலாம் என்று அப்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போர் கேட்டுக் கத்தியவர்களில் முசோலினியும் ஒருவர். சோஷலிஸ்ட் கட்சிப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்து, போரை ஆதரித்ததற்காக 1914 நவம்பரில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர்.

அந்தப் போரில் ஏறத்தாழ 6 லட்சம் இத்தாலிய வீரர்கள் செத்தார்கள். காலாட்படையில் பெரும்பாலானவர்கள் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். 1917 அக்டோபரில் கபொரெத்தோவில் ஆஸ்திரிய, ஜெர்மன் படைகளிடம் பெருந்தோல்வி வந்தபிறகு, போர் முடிந்ததும் உழுபவனுக்கு நிலம் கிடைக்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை கொடுத்தார்கள். இந்த வாக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1918இல் வெற்றி வந்தது. திரெந்தினோ, திரியெஸ்தே, இஸ்திரியா எல்லாம் கிடைத்தன. நூறாண்டுப் பகையாளியான ஆஸ்திரியப் பேரரசே இல்லாமல் போனது. ஆனாலும் "ஊனமாக்கப்பட்ட வெற்றி" என்று டனுன்சியோ கிளப்பிவிட்ட பேச்சு ஒட்டிக்கொண்டது. தல்மாத்தியாவில் பெரும்பகுதி கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் எந்த ஃபியூமே துறைமுக நகரத்துக்காக அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தார்களோ, அது லண்டன் ஒப்பந்தத்திலேயே இல்லை. 1919 செப்டம்பரில் டனுன்சியோ, கட்டளையை மீறிய வீரர்களோடு போய் ஃபியூமேயைப் பிடித்துக்கொண்டார். ஓராண்டுக்கு மேல் அங்கே ஆட்சி நடத்தினார். அரசு கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. 1920 கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் ஜியோலிட்டி ராணுவத்தை அனுப்பி அவரை வெளியேற்றினார். அனுப்பியதும் சில நாட்களில் கதை முடிந்தது. ஆகவே உங்கள் முதல் மாணவிக்கு இப்படிச் சொல்லுங்கள்: இத்தாலி வென்றது. வெற்றியை அவமானமாக மாற்றிச் சொல்ல ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஆயுதமும் இருந்தது.

சரி, அவமானம்தான் பாசிசத்தை வளர்த்ததா? 1919ஐப் பாருங்கள். மார்ச் 23 அன்று மிலானில் முசோலினி தன் பாசிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினார். முன்னாள் அதிரடிப்படை வீரர்கள், தேசியவாதிகள், கட்சி மாறிய சோஷலிஸ்டுகள் என்று ஒரு கலவைக் கூட்டம். எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு வாக்கு, போர் லாபத்தைப் பறிமுதல் செய்வது என்று இடதுசாரி வாடையோடு ஒரு திட்டம் வெளியிட்டார்கள். நவம்பர் தேர்தலில் மிலானில் முசோலினியின் பட்டியலுக்கு ஐயாயிரம் வாக்குகூட விழவில்லை. ஓர் இடமும் இல்லை. சோஷலிஸ்டுகள் 156 இடங்களோடு முதல் கட்சி. பாதிரியார் ஸ்துர்சோ அந்த ஆண்டுதான் தொடங்கிய மக்கள் கட்சிக்கு 100 இடங்கள். அவமானம், வேலையின்மை, விலைவாசி எல்லாம் அப்போதும் இருந்தன. மக்கள் வேறு இரண்டு கட்சிகளிடம் போனார்கள். அப்புறம் என்ன மாறியது?

உங்கள் சக ஆசிரியரின் வாதத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. 1919, 1920 இரண்டு ஆண்டுகளும் வேலைநிறுத்தங்கள் ஓயவில்லை. 1920 செப்டம்பரில் டூரின், மிலான் என்று வடக்கு முழுவதும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளிகள் ராணுவத்தை அனுப்பச் சொன்னார்கள். பிரதமராக இருந்த ஜியோலிட்டி அனுப்பவில்லை. தானாக அடங்கும் என்று காத்திருந்தார். தொழிற்சங்க மாநாட்டில் புரட்சிக்குப் போவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பே நடந்தது. சுமார் 5,91,000க்கு 4,09,000 என்ற கணக்கில் புரட்சி தோற்றது. கூலி உயர்வு வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். சோஷலிஸ்ட் கட்சி மேடையில் ரஷ்யாவைப் போலச் செய்வோம் என்று பேசியதே தவிர, அதற்கு ஒரு திட்டமும் கையில் வைத்திருக்கவில்லை. ஆபத்து என்று ஒன்று இருந்திருந்தால், அது 1920 இலையுதிர் காலத்திலேயே தணிந்துவிட்டது. பாசிசம் பெருகியது அதற்குப் பிறகு. 1919 கடைசியில் ஆயிரம் பேர்கூட இல்லாத இயக்கம் 1921 கடைசியில் 2 லட்சத்தைத் தாண்டியது.

அந்தப் பெருக்கம் நடந்த இடம் போ ஆற்றுச் சமவெளி. பொலோனியா, ஃபெர்ராரா, கிரெமோனா, ரொவிகோ பக்கத்து வயல்வெளிகள். அங்கே நிலமில்லாத தினக்கூலிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். குளிர்காலத்தில் வேலை இல்லை, பட்டினிதான். சோஷலிஸ்ட் விவசாயச் சங்கங்கள் இதைத்தான் மாற்றின. இத்தனை ஏக்கருக்கு இத்தனை ஆள் என்று வருஷம் முழுக்க வேலை கொடுக்க வேண்டும், ஆள் எடுப்பது சங்கத்தின் மூலம்தான் என்று நிலக்காரர்களை ஒப்புக்கொள்ள வைத்தன. பல மாத வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1920 அக்டோபர் கடைசியில் பொலோனியா நிலக்காரர்கள் பணிந்து கையெழுத்திட்டார்கள். அதே சமயம் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் சோஷலிஸ்டுகள் நாடு முழுவதும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களைப் பிடித்தார்கள். கூலியையும் வரியையும் தீர்மானிக்கும் அதிகாரம் கூலிக்காரர்களின் கைக்கு வந்தது. நிலக்காரர்களுக்கு உறுத்தியது மாஸ்கோ அல்ல, இந்த ஒப்பந்தம்.

நான்கு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 21 அன்று பொலோனியாவில் புதிய சோஷலிஸ்ட் நகரமன்றம் பதவியேற்றபோது பாசிஸ்டுகள் சதுக்கத்தில் சுடத் தொடங்கினார்கள். கலவரத்தில் மாநகர மாளிகையிலிருந்த சோஷலிஸ்ட் காவலர்கள் வீசிய கையெறி குண்டுகள் சொந்தக் கூட்டத்தின் மேலேயே விழுந்தன. மன்றத்துக்குள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஜியோர்தானி சுட்டுக் கொல்லப்பட்டார். பத்துப் பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலும் சோஷலிஸ்டுகள். ஜியோர்தானியின் சாவை வைத்துக்கொண்டு பாசிஸ்டுகள் பழிவாங்கக் கிளம்பினார்கள்.

அதன்பின் நடந்ததை ரொவிகோ பகுதியைச் சேர்ந்த சோஷலிஸ்ட் உறுப்பினர் மத்தெயோட்டி 1921இல் நாடாளுமன்றத்திலேயே விவரித்தார். நிலக்காரர்கள் கொடுத்த லாரிகளில் இரவில் வருவார்கள். சங்கச் செயலாளரின் வீட்டைச் சூழ்ந்து, வெளியே வராவிட்டால் கொளுத்துவோம் என்பார்கள். வந்தவரைத் தடியால் அடிப்பார்கள், விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவார்கள், சில சமயம் கொன்றுவிடுவார்கள். சங்க அலுவலகம், கூட்டுறவுக் கடை, படிப்பகம் எல்லாம் எரியும். ஊர்த் தலைவர்களை மிரட்டி ராஜினாமா எழுதி வாங்குவார்கள். 1921இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் மன்றங்களும், அதே அளவுக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் அழிக்கப்பட்டன. போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. பல இடங்களில் கூடவே வந்தது, ராணுவக் கிடங்கிலிருந்து துப்பாக்கியும் போனது. அடிபட்டவர்கள் கைதானார்கள். ஃபெர்ராராவில் பால்போ, பொலோனியாவில் கிராண்டி, கிரெமோனாவில் ஃபரினாச்சி ஆகியோர் குறுநில மன்னர்கள் போல ஆனது இப்படித்தான். சங்கம் எரிந்த ஊரில் வேலை வேண்டுமென்றால் பாசிஸ்ட் சங்கத்தில் சேர வேண்டும். எத்தனையோ கூலிக்காரர்கள் அப்படித்தான் "பாசிஸ்ட்" ஆனார்கள்.

சோஷலிஸ்டுகளின் தவறையும் வகுப்பில் மறைக்க வேண்டாம். போரிலிருந்து வந்தவர்களில் பலர் கையிலிருந்த காசைப் போட்டுத் துண்டு நிலம் வாங்கியிருந்தார்கள். வாரக்குடிகளும் ஒரு நாள் சொந்த நிலம் என்று கனவு கண்டவர்கள். சங்கமோ நிலம் முழுவதும் பொதுவாக வேண்டும் என்றது, தன் விதிகளுக்கு ஒத்துவராத சிறு விவசாயியையும் ஊர்விலக்கு செய்தது. போர்க்களத்தில் கொடுத்த நிலம் என்ற வாக்கை பாசிஸ்டுகள் எடுத்துக்கொண்டார்கள். ஃபெர்ராராவில் சில நிலக்காரர்களை வைத்துத் துண்டு நிலங்கள் கொடுக்கவும் செய்தார்கள். 1921 ஜனவரியில் லிவோர்னோவில் சோஷலிஸ்ட் கட்சி உடைந்து கம்யூனிஸ்ட் கட்சி தனியே போனது. ஊர் ஊராகச் சங்கம் எரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது.

இனி இரண்டாவது மாணவிக்கு. 1921 மே தேர்தலில் ஜியோலிட்டி பாசிஸ்டுகளைத் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். சோஷலிஸ்டுகளைக் கொஞ்சம் தட்டிவைக்க உதவுவார்கள், நாடாளுமன்றத்துக்குள் வந்தால் அடங்கிவிடுவார்கள் என்பது அந்தக் கிழவரின் கணக்கு. அந்த 35 இடங்கள் அப்படி வந்தவை. தடியோடு திரிந்தவர்களுக்கு மரியாதை வந்தது.

1922 அக்டோபர் 27, 28 தேதிகளில் பாசிஸ்டுகளின் கருப்புச் சட்டைப் படைகள் ரோமை நோக்கிக் கிளம்பின. இருபத்தைந்தாயிரம் பேர் அளவில், மழையில் நனைந்து, பலரிடம் ஒழுங்கான ஆயுதமில்லாமல். தலைநகரில் இருந்த ராணுவமே அவர்களைத் தடுக்கப் போதும். பிரதமர் ஃபாக்டாவின் அமைச்சரவை அவசரநிலை ஆணையைத் தயாரித்தது. 28ஆம் தேதி காலை மன்னர் அதில் கையெழுத்துப் போட மறுத்தார். முசோலினி அப்போது மிலானில் இருந்தார். அழைப்பு வந்த பிறகு இரவு ரயிலில் படுக்கைப் பெட்டியில் கிளம்பி, 30ஆம் தேதி ரோமில் இறங்கிப் பிரதமரானார். "கைப்பற்றினார்" என்று நடத்தாதீர்கள். மன்னர் கூப்பிட்டுக் கொடுத்தார்.

அமைச்சரவையில் முசோலினியோடு சேர்த்துப் பாசிஸ்டுகள் நான்கு பேர். மற்றவர்கள் தாராளவாதிகள், தேசியவாதிகள், மக்கள் கட்சிக்காரர்கள், இரண்டு படைத் தலைவர்கள். நவம்பர் 16 அன்று, இந்தச் சபையை என் படைகளின் கூடாரமாக்கியிருக்க முடியும் என்று முகத்துக்கு நேரே மிரட்டிய மனிதருக்கு, சபை 306க்கு 116 என்று நம்பிக்கை வாக்களித்தது. முன்னாள் பிரதமர்கள் ஜியோலிட்டி, சலாந்திரா, ஒர்லாண்டோ எல்லோரும் ஆதரித்தார்கள். 35 போக மீதி வாக்குகள் யாருடையவை என்று அந்த மாணவியைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

மக்கள் கூப்பிட்டார்கள் என்று உங்கள் சக ஆசிரியர் மறுபடி சொன்னால், 1924ஐச் சொல்லுங்கள். கால்வாசி வாக்கு வாங்கும் முதல் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் என்று சட்டத்தை மாற்றி, அடிதடியோடு நடத்திய தேர்தலில் பாசிஸ்டுகள் வென்றார்கள். மே 30 அன்று மத்தெயோட்டி எழுந்து, இடையூறுகளுக்கு நடுவே, அந்தத் தேர்தல் செல்லாது என்று ஆதாரங்களோடு பேசினார். ஜூன் 10 அன்று ரோமில் பட்டப்பகலில் கடத்திக் கொல்லப்பட்டார். நாடு கொதித்தது. எதிர்க்கட்சிகள் சபையை விட்டு வெளியேறி மன்னர் தலையிடுவார் என்று காத்திருந்தன. அவர் தலையிடவில்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி, நடந்த அனைத்துக்கும் நானே பொறுப்பு என்று சபையிலேயே அறிவித்தார். 1926 முடிவதற்குள் மற்ற கட்சிகள் எதுவும் மிச்சமில்லை.

மன்னரால் என்ன செய்திருக்க முடியும் என்று மாணவிகள் கேட்பார்கள். 1943 ஜூலையில், நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கிய பிறகு, பாசிஸ்ட் கட்சியின் உச்ச அமைப்பான பெருங்குழு முசோலினிக்கு எதிராக வாக்களித்தது. தீர்மானம் கொண்டுவந்தவர் அதே பொலோனியாவின் கிராண்டி. அன்று மாலையே அதே விக்டர் இம்மானுவேல் முசோலினியை அரண்மனைக்கு வரவழைத்துப் பதவியிலிருந்து நீக்கிக் கைது செய்ய வைத்தார். அந்த அதிகாரம் 1922இலும் 1924இலும் அவரிடம் இருந்தது.

மத்தெயோட்டியைப் பற்றி வகுப்பில் தனியாகப் பேசுவதானால் எழுதுங்கள். அவருடைய நாடாளுமன்றப் பேச்சுகளிலிருந்து மாணவிகளுக்குப் புரியும்படி சில பகுதிகளைத் தமிழில் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்.