'என்னாச்சு?' ஏன் சலிக்கவில்லை?

கேள்வி: 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தில் ஒரே வசனம் திரும்பத் திரும்ப வரும் என்று கேள்விப்பட்டு, இத்தனை ஆண்டுகளாகப் பார்க்காமலேயே இருந்துவிட்டேன். சென்ற வாரம் மகன் வற்புறுத்திப் பார்க்க வைத்தபோது, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்த வசனம் எப்படிச் சலிக்காமல் போகிறது?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: நானும் எதையும் எதிர்பாராமல் போனவன்தான். 2012 டிசம்பர் முதல் வாரத்தில், ஏற்காட்டில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தபோது, இரவு ரயிலுக்கு நிறைய நேரம் இருந்ததால், சேலத்தில் ஒரு திரையரங்கில் நுழைந்தேன். இயக்குநர் பாலாஜி தரணீதரனுக்கு அது முதல் படம். விஜய் சேதுபதியை அக்டோபரில் வந்த 'பீட்சா'வில் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

திருமணம் நெருங்கிய வேளையில் கிரிக்கெட் ஆடப் போன நாயகன் பிரேம், கேட்ச் பிடிக்க முயன்று விழுந்து, பின்மண்டையில் அடிபட்டு, தான் காதலித்து மணக்கவிருந்த பெண்ணையே மறந்துவிடுகிறான்; சற்றுமுன் சொன்னதும் நினைவில் நிற்பதில்லை. "என்னாச்சு?" என்று தொடங்கி, பின்மண்டையைத் தொட்டுக் காட்டி மெடுலா ஆப்லங்கேட்டா என்னும் மூளைப்பகுதி வரை போகும் அந்தப் பேச்சை, அப்போதுதான் தானே கண்டுபிடித்தவனைப் போல ஒவ்வொரு முறையும் சொல்கிறார் விஜய் சேதுபதி; சிரிக்க வைக்கும் முனைப்பு அவர் குரலில் துளியும் தெரிவதில்லை. அதைக் கேட்கும் நண்பர்களோ முதலில் பதறுகிறார்கள், பிறகு களைக்கிறார்கள், உறவினர் கூடியிருக்கும் மண்டபத்துக்கு வந்ததும் அவன் வாயைத் திறந்தாலே நடுங்குகிறார்கள். மருத்துவமனையில் கேட்ட அதே சொற்கள், மணமேடைக்கு வரும்போது ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிடக்கூடிய சொற்களாகிவிடுகின்றன. எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "இதையேதான் சொல்லிட்டு இருப்பானா இவன்?" என்று இடைவேளைக்கு முன் அலுத்துக்கொண்டவர், வரவேற்புக் காட்சியில் நாயகனுக்கு முன்பாகத் தாமே "என்னாச்சு?" என்று உரக்கச் சொல்ல, அரங்கமே சிரித்தது.

கதை உண்மையில் நடந்தது என்பதும் ஒரு பெரிய பலம். அப்படி அடிபட்டவர், பின்னாளில் '96' படத்தை இயக்கிய பிரேம்குமார். இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளரும் அவரே. ஆகவேதான், சிரிப்புக்கென்று தனியாக எதையும் ஒட்டவைக்க வேண்டிய தேவை இயக்குநருக்கு ஏற்படவில்லை என்று கருதுகிறேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அலங்காரத்தோடு நிற்கும் மணமகளைப் பார்த்து நாயகன் "ப்பா..." என்று மிரளும் இடத்தில் அன்று நானும் சிரித்தேன், இன்று அந்தச் சிரிப்பு உறுத்துகிறது. இத்தனை பேர் சேர்ந்து மறைப்பது அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய செய்தி அல்லவா? அவள் பக்கம் நின்று யோசிக்கப் படத்துக்கு நேரமே இல்லை.

மகனோடு மறுமுறை பார்க்க நேர்ந்தால், வசனம் தொடங்கியதும் விஜய் சேதுபதியை விட்டுவிட்டு, அருகில் நிற்கும் நண்பராக நடித்த பகவதி பெருமாளின் முகத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள்.